பன்னிரண்டாம் எண் பனியன்

தேசியக் கூடைப்பந்து மகா சம்மேளனத்துக்கு ஒரு தலைவர், ஏழு உபதலைவர்கள், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், பதினொரு உபகமிட்டிகள், ஒரு பந்து இருந்தன. இவற்றில் பந்துக்கு மட்டும்தான் காற்று போதாது.

நெருக்கடி நிலை அமலில் இருந்த வருஷம். ஆசியப் போட்டிக்கான தகுதிச் சுற்றை நம் நாட்டில் நடத்துவது என்று முடிவானதும் சம்மேளனம் கூடி, நாடு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடி, கடைசியில் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டைத் தேர்ந்தெடுத்தது. தலைவர் ஆறுச்சாமிக்கு அங்கே சிமெண்ட் குழாய்த் தொழிற்சாலை இருந்தது. குழாய் காயப்போடும் களத்தில் சுண்ணாம்புக் கோடு கிழித்து, இரண்டு பக்கமும் வளையம் நட்டதும் அது சர்வதேச ஆடுகளம் ஆகிவிட்டது. வாளையார்ப் பக்கமிருந்து கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் அங்கே கோழிகூட நேராக நடக்காது. பந்து வளையத்துக்குப் போகிற வழியில் மனசை மாற்றிக்கொள்கிறது என்று ஆட்டக்காரர்கள் முறையிட்டார்கள். உடனே காற்று உபகமிட்டி அமைக்கப்பட்டது. மூன்று உபதலைவர்கள் ஒரு வாரம் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆராய்ந்து, காற்று அடிப்பது உண்மைதான் என்று அறிக்கை கொடுத்தார்கள்.

இந்த அணிக்குத்தான் சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்திலிருந்து வீரபாண்டியும் பெரியமுத்துவும் வந்து சேர்ந்தார்கள். வீரபாண்டி ஆறடி நாலங்குலம். தொழிலாளர்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் தன் வீட்டு வாசலை அவன் நிமிர்ந்து கடந்ததே கிடையாது. பெரியமுத்து அவன் தோள் அளவுதான் இருப்பான். ஆனால் பந்தை எப்போது எறிந்தால் யார் கையில் போய் விழும் என்பது அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில், அடி பிய்ந்த கொழுந்துக் கூடையை மரத்தில் அறைந்து ஆடிப் பழகியவர்கள் இருவரும். மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறி, ஒரு நாள் தேசத்துக்கே வேண்டப்பட்டவர்கள் ஆனார்கள்.

தேசம் கூப்பிட்டால் தோட்டம் சும்மா விட்டுவிடுமா? தொண்ணூறு நாள் வேலைக்கு வராதவன் பேரை வெட்டிவிடுவது அங்கே வழக்கம். பேர் போனால் லயத்து வீடும் போகும். மானேஜர் துரை இருவரையும் நிற்கவைத்து ஒன்றே ஒன்று சொன்னார். கடைசிப் பட்டியலில் இருக்கும் பன்னிரண்டு பேரில் ஒருவன் என்று முத்திரை போட்ட காகிதம் கொண்டுவந்தால் லீவாக எழுதிக்கொள்வார். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வீரபாண்டிக்கு வீட்டில் தாய் வேலுத்தாய் மட்டும். பெரியமுத்துவுக்கு மனைவி சின்னத்தாயும் எட்டு மாதக் கைக்குழந்தையும். அந்த ஒற்றை அறையை விட்டால் அவர்களுக்கு மலையிலும் போக்கிடம் இல்லை, மலைக்குக் கீழேயும் இல்லை.

முகாமின் முதல் நாள் பந்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பிறகு செயலாளர் வெங்கிடாசலம் அதைத் தன் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். வெங்கிடாசலம் பாலக்காட்டுக்காரர், ஐம்பத்தேழு வயது, வழுக்கைத் தலை, நிறைந்த தொப்பை, இருபத்திரண்டு வருஷமாக அதே பதவி. கூடைப்பந்து ஆடியதில்லை. ஆடுகிறவனுக்கு நிர்வாகம் புரியாது என்பது அவர் கொள்கை. பந்தை வெளியே எடுக்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் கபிரியேல் ஆகிய மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். மூவரும் ஒரே நாளில் ஊரில் இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆகவே இந்திய அணி பதினொரு நாள் பந்தில்லாமல் பயிற்சி செய்தது. இல்லாத பந்தைத் தரையில் தட்டினார்கள், இல்லாத பந்துக்காக முட்டிக்கொண்டார்கள். பெரியமுத்து எறிந்த இல்லாத பந்தை வீரபாண்டி ஒரு தரம்கூடத் தவறவிடவில்லை. பார்வையிட வந்த உபதலைவர் ஒருவர், ஆட்டத்தில் நல்ல முன்னேற்றம் தெரிகிறது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார். வீரபாண்டி பொறுக்கமாட்டாமல் செயலாளரிடம் போய், பந்து எப்போது கிடைக்கும் என்று கேட்டான்.

"பந்து உன் சொத்தும் இல்லை, என் சொத்தும் இல்லை. தேசத்தோட சொத்தாக்கும்" என்றார் வெங்கிடாசலம். "நீ எறிஞ்சு அது கீறிப்போச்சுன்னா டெல்லிக்கு யார் பதில் எழுதறது? ஆட்டம் இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போகும். பந்து இருக்கணும், கேட்டியோ?"

வீரபாண்டி தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான். இத்தனை பெரிய மனிதர் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்றுதான் அன்றைக்கு நினைத்தான்.

தகுதிச் சுற்றுக்கு மூன்று நாட்டு அணிகள் வந்தன. வந்தவர்கள் தங்கள் பந்தைக் கையோடு கொண்டுவந்ததால் நம் ஆட்களுக்கும் பந்து கிடைத்தது. முதல் இரண்டு ஆட்டத்திலும் இந்திய அணி வெளுத்து வாங்கியது. பன்னிரண்டாம் எண் பனியன் போட்ட பெரியமுத்து காற்றின் போக்கு பார்த்து எறிந்தான், வீரபாண்டி எட்டிப் பிடித்து வளையத்துக்குள் போட்டான். வெற்றி விழாவில் ஆட்டக்காரர்களை வெயிலில் நிறுத்திவைத்துப் பந்தலுக்குள்ளிருந்து தலைவர் பேசினார்.

"ஆடுனது பசங்கதானுங்க, நான் இல்லீன்னு சொல்லலீங்க. ஆனா கோடு யாருங்க கிழிச்சது? அந்தக் கோட்டுச் சுண்ணாம்பு எங்கூட்டுச் சுண்ணாம்புங்க. கோடு இல்லீன்னா இவிய எங்க நின்னு ஆடுவாங்க?"

கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. மாலைகள் பந்தலுக்குள்ளேயே தீர்ந்துவிட்டன.

இனி மிச்சம் தீவு நாட்டு அணியோடு ஓர் ஆட்டம். அதில் ஜெயித்தால் ஆசியப் போட்டிக்கு, கிழக்கே கடல் தாண்டி ஒரு பெரிய நகரத்துக்குப் போகலாம். அங்கே டிரான்சிஸ்டரும் நைலான் சேலையும் தெருவிலேயே குவிந்து கிடக்கும் என்று பொருளாளருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். போட்டி விதி ஒன்று இருந்தது. கடைசித் தகுதி ஆட்டத்துக்குக் கொடுக்கிற பன்னிரண்டு பேர் பட்டியல்தான் விமானத்துக்கும் பட்டியல். நிர்வாகிகளுக்கு என்று தனி இடம் கிடையாது.

சம்மேளனம் அவசரமாகக் கூடியது. வீட்டம்மாக்கள் எழுதிக் கொடுத்த சாமான் சீட்டுகள் அத்தனை பேர் சட்டைப் பையிலும் இருந்தன. ஆட்டத்துக்கு முதல் நாள் மாலை பட்டியல் ஒட்டப்பட்டது. பன்னிரண்டு பேரில் ஆறு பேர் ஆட்டக்காரர்கள். மீதி ஆறு பேர் தலைவர், செயலாளர், பொருளாளர், காற்று உபகமிட்டியின் மூன்று உபதலைவர்கள். வீரபாண்டி பேர் இருந்தது. பெரியமுத்துவின் பேர் இருந்த இடத்தில் வெங்கிடாசலம் என்றிருந்தது.

பெரியமுத்து பட்டியலை மேலிருந்து கீழாக மூன்று தரம் படித்தான். "எம்பேரு பின்னாடிப் பக்கத்துல இருக்குமோலே?" என்று வீரபாண்டியிடம் கேட்டான். வீரபாண்டி காகிதத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். பின்னாடி ஒன்றுமில்லை. லயத்து அறையும், தூளியில் கிடக்கிற பிள்ளையும்தான் பெரியமுத்துவின் கண்ணுக்குத் தெரிந்தன.

இருவரும் செயலாளரிடம் போனார்கள். அவர் அன்பாகத்தான் விளக்கினார். உயரம் குறைந்த ஆளை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனால் தேசத்துக்குக் குறைச்சல் என்றார். பெரியமுத்துவை விட அவர் நாலு விரல்கடை குட்டை. அணியில் ஆறு பேர் ஆடுவதற்கு, ஆறு பேர் அனுபவத்துக்கு என்றார். போன ஆட்டங்களில் எல்லாம் ஐந்து பேர்தானே களத்தில் நின்றார்கள், ஆறு பேர் தாராளம் என்றார். பெரியமுத்து வேண்டுமானால் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுக்கட்டும், அதுவும் தேச சேவைதான் என்று முடித்தார்.

மறுநாள் ஆட்டம். களத்தைச் சுற்றித் தொழிற்சாலைக்காரர்கள் கூட்டம். நிர்வாகிகள் ஆறு பேரும் முழுக்கைச் சட்டைக்கு மேல் பனியன் மாட்டிக்கொண்டு மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தலைவர் வேட்டிக்கு மேல் நாலாம் எண், வெங்கிடாசலத்துக்குப் பெரியமுத்துவின் பன்னிரண்டாம் எண். முதல் பாதியில் ஆறு பேரும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். இடைவேளையில் நாற்பத்து நாலுக்கு இருபது. ஜெயித்தது போலத்தான்.

அப்போது பத்திரிகைப் படக்காரர் வந்தார். பெஞ்சில் இருப்பவர்களையும் எடுக்கலாமே என்று வெங்கிடாசலம் சொன்னார். சொன்ன கையோடு தன் காலைப் பார்த்தார். தோல் செருப்பு. உடனே பெரியமுத்துவைக் கூப்பிட்டு, சம்மேளனம் கொடுத்த கான்வாஸ் ஷூவைக் கழற்றச் சொன்னார். பட்டியலில் இல்லாதவன் காலில் அது எதற்கு? ஷூ அவர் காலுக்குப் பற்றவில்லை. எலுமிச்சை நறுக்கிய கத்தியைப் பெரியமுத்துவின் கையிலிருந்தே வாங்கி, இரண்டு ஷூவின் நுனியையும் வெட்டிவிட்டு, விரல்கள் வெளியே துருத்த மாட்டிக்கொண்டார். பெரியமுத்து வெறுங்காலோடு, வெயிலில் கொதிக்கிற சிமெண்டில் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றான்.

வீரபாண்டி அந்த வெறுங்காலைப் பார்த்தான். இந்த ஆளை விடக்கூடாது என்று முதல் தரமாக நினைத்தான். நினைத்தவுடன் அவன் தாய் வேலுத்தாயின் ஞாபகம் வந்தது.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் தோட்டத்தில் மேற்பார்வை ஆபீசர் ஒருத்தன், வேலுத்தாயோடு கொழுந்து பறித்த சாந்தம்மாளின் சோற்றுத் தூக்கை எட்டி உதைத்தான். பெண்கள் மறுநாள் வழக்கம்போலத் தேயிலைச் செடி நிரையில் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் வேலுத்தாய் தலைநோவு என்று சொல்லிக் கூடையை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அடுத்து ஒருத்திக்குத் தலைநோவு. அப்புறம் இன்னொருத்திக்கு. ஒவ்வொருத்தியாக, மரியாதையாக, சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பதினோரு மணிக்கு மலைச் சரிவில் ஆபீசர் மட்டும் நின்றான், கீழே மானேஜரின் ஜீப் ஏறி வருகிற சத்தம். வேறு வழியில்லாமல் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அவனே பறித்தான். சாயங்காலம் தராசில் நாலு கிலோ. அன்றிலிருந்து தோட்டத்தில் அவன் பேரே நாலு கிலோதான்.

வீரபாண்டி மற்ற ஐந்து பேரையும் தண்ணீர்க் குடத்தருகே கூப்பிட்டு இந்தக் கதையைச் சொன்னான். அவர்களுக்கும் அறைத்தோழன், ஊர்க்காரன் என்று ஆளுக்கொருவன் பட்டியலிலிருந்து போயிருந்தான். விளக்கம் தேவைப்படவில்லை.

கூடைப்பந்தில் ஒருவன் ஐந்து தவறு செய்தால் வெளியே போக வேண்டும். பட்டியலில் இருக்கும் வேறொருவன் உள்ளே வந்தே தீர வேண்டும். வர மறுத்தால் ஆட்டம் எதிராளிக்கு.

இரண்டாம் பாதி தொடங்கியதும் வீரபாண்டி தீவு நாட்டு ஆட்டக்காரன் ஒருவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். நடுவர் ஊதினார். வீரபாண்டி கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். அடுத்து நம் ஆட்டக்காரன் ஒருத்தன் எதிராளியின் பனியனைப் பிடித்து இழுத்தான், மன்னிப்புக் கேட்டான். வெளிநாட்டு நடுவருக்கு இத்தனை மரியாதையான முரட்டு ஆட்டம் புதிது. ஊதி ஊதி அவருக்குக் கன்னம் வலித்தது. எதிராளிகளுக்கு இலவச எறிதல் குவிந்தது. ஐந்து நிமிஷத்தில் ஒருவன் ஐந்தாவது தவறைச் செய்து முடித்துவிட்டு, தலைநோவு போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தான். ஆறாவது ஆட்டக்காரன் உள்ளே வந்தான். அடுத்த நிமிஷம் இன்னொருவனுக்குத் தலைநோவு.

நடுவர் பெஞ்சைப் பார்த்துக் கையை நீட்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்கள்.

தலைவர் ஆறுச்சாமிதான் முதலில் போக வேண்டியிருந்தது. வேட்டியோடு ஆடக்கூடாது என்றார் நடுவர். வெளியே வந்தவன் துண்டைக் கட்டிக்கொண்டு, தன் அரைக்கால் சட்டையைக் கழற்றி இரண்டு கையாலும் பணிவாக நீட்டினான். அது தலைவரின் இடுப்பைச் சுற்றி முக்கால் பாகம்தான் வந்தது. மீதிக்குச் சணல் கயிறு கட்டினார்கள். இப்படியே ஒவ்வொரு தலைநோவுக்கும் ஒரு நிர்வாகி களமிறங்கினார். கபிரியேல் வந்தார், காற்று உபகமிட்டியில் இருவர் வந்தார்கள். ஆட்டம் முடிய எட்டு நிமிஷம் இருக்கையில் களத்தில் நாலு நிர்வாகிகளும் வீரபாண்டியும் நின்றார்கள். ஐம்பதுக்கு நாற்பத்தாறு, இன்னும் நாம்தான் முன்னால். வீரபாண்டிக்கு நாலு தவறு.

வெங்கிடாசலம் பெஞ்சிலிருந்து ஓடிவந்து கோட்டோரம் நின்றார். அடுத்த பேர் அவருடையது. "பாண்டி, ஒரு எட்டு நிமிஷம் பொறுத்துக்கோடா" என்றார். "நீ போயிட்டா எங்களுக்கு என்ன தெரியும்? ஆடறது எப்படின்னு எங்களில் ஒருத்தனுக்கும் அறியாது."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அது. வீரபாண்டி அவர் காலைப் பார்த்தான். வெட்டிய ஷூவிலிருந்து பத்து விரலும் எட்டிப் பார்த்தன.

"பட்டியல்ல பேரு உள்ளவுகதான சார் ஆடணும். எங்களுக்கும் ஒங்க அனுபவத்தப் பாக்கணும்லா" என்றான். திரும்பிப்போய், பந்தோடு வந்த எதிராளியை இடுப்போடு அள்ளித் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, பத்திரமாகக் கீழே இறக்கிவிட்டான். ஐந்தாவது தவறு.

தலைவர் ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்றார். நிறுத்தினால் ஐந்து வருஷம் எந்த வெளிநாட்டுக்கும் போக முடியாது என்றார் போட்டியை மேற்பார்க்க வந்த வெளிநாட்டு அதிகாரி. டிரான்சிஸ்டர்களை நினைத்துக்கொண்டு ஐவரும் ஆடினார்கள். தலைவர் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி, இது எங்கூட்டுக் களமுங்க என்று எதிராளிகளுக்கு நினைவூட்டினார். உபதலைவர்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விரலை நனைத்துப் பார்த்துக்கொண்டிருக்கையில் பந்து அவர்கள் தலைக்கு மேலே போயிற்று. கபிரியேல் எப்படியோ கையில் கிடைத்த பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தார். கணவாய்க் காற்று அதை வாங்கி, நம் பக்கத்து வளையத்திலேயே கொண்டுபோய்ப் போட்டது. கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது. கடைசி நிமிஷத்தில் பந்து உருண்டு வெங்கிடாசலத்தின் காலடியில் நின்றது. அவர் அதை எடுத்து இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிக்கொண்டார். நடுவர் கேட்டும் கொடுக்கவில்லை. பந்துக்குப் பொறுப்பு நானாக்கும் என்று அலமாரி இருந்த அறைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். அது எதிராளிகளின் பந்து. படக்காரர் அதை முழுசாகப் படம் பிடித்தார்.

ஐம்பதுக்கு எண்பத்தொன்று. பெஞ்சில் ஆட்டக்காரர்கள் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த வீரபாண்டி எலுமிச்சம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தான். ஆசியப் போட்டி போனதற்கு ஒரு சொட்டு வருத்தம் இல்லை.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. வழுக்கைத் தலை, தொப்பை, பன்னிரண்டாம் எண், மார்போடு பந்து. கீழே 'இந்திய வீரர்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். அடுத்த நாள் டெல்லியிலிருந்து தந்தி. படத்தில் இருப்பவர் யார், வயதென்ன, பட்டியலில் நிர்வாகிகள் பேர் எப்படி வந்தது, உடனே விளக்கவும். தந்தி வந்த வீட்டுக்காரரை அப்புறம் நாலு நாள் காணோம் என்று பேசப்பட்ட காலம் அது. சம்மேளனம் கதவைச் சாத்திக்கொண்டு கூடியது. தட்டச்சு செய்தவர் காகிதத்தை மாற்றி வைத்துவிட்டார் என்றும், களத்தில் ஆடியவர்கள் பழைய பன்னிரண்டு ஆட்டக்காரர்களேதான் என்றும் ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. ஆமாம் என்று ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.

வெங்கிடாசலம் காகிதத்தோடு வீரபாண்டியைத் தேடி வந்தார். வீரபாண்டி நிதானமாகப் படித்தான்.

"போடுதோம் சார். மொதல்ல பெரியமுத்துக்குக் காயிதம் வேணும். பன்னெண்டு பேர்ல ஒருத்தன்னு, சீல் வச்சு. பொறவு அந்தப் படத்துக்கடியில அவன் பேரப் போட்டுப் பத்திரிகையில திருத்தம் வரணும்."

செயலாளரின் குரல் இறங்கிவிட்டது. "அது என் மூஞ்சியாக்கும், பாண்டி. இத்தனை வருஷத்தில் என் படம் பேப்பரில் வந்தது அது ஒண்ணுதான்."

"மூஞ்சி ஒங்களுது. எடம் அவனுதுல்லா சார்."

திருத்தம் மூன்றாம் நாள் வந்தது, ஆட்டக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அதே படம், கீழே: பெரியமுத்து, வயது இருபத்துமூன்று. அன்று காலை வீரபாண்டியும் பெரியமுத்துவும் ஊருக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கையில் வெங்கிடாசலமும் அங்கே வந்து நின்றார். டீக்கடையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த மாரப்பன் என்கிற குழாய்த் தொழிலாளி எழுந்து அவர் முகத்துக்கு நேரே வந்து உற்றுப் பார்த்தான்.

"ஏனுங்க, பெரியமுத்துங்கறது நீங்கதானுங்களா? பந்தைக் கட்டிப்புடிச்சுட்டு நின்னு நாட்டையே தோக்கடிச்சுப் போட்டீங்களே. இருபத்துமூணு வயசுல இப்படி ஆயிட்டீங்களேங்க."

கடையே திரும்பிப் பார்த்தது. வெங்கிடாசலம் வீரபாண்டியைப் பார்த்தார். வீரபாண்டி பஸ் வருகிற திசையைப் பார்த்தான்.

"ஆமாம்" என்றார் வெங்கிடாசலம்.

சின்னக்கானலில் மானேஜர் துரை முத்திரைக் காகிதத்தையும் பத்திரிகையையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். படத்தைப் பார்த்தார், எதிரே நின்ற ஒல்லிப் பையனைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"நீயா இது? தலையில் முடியே இல்லையே."

"மல ஏறுனதும் மொளச்சிருச்சு தொர" என்றான் பெரியமுத்து.

துரை முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் பொருந்தாவிட்டாலும் முத்திரை பொருந்தியது. லீவு என்று எழுதினார். சின்னத்தாய் கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்து, பாத்திரங்களைத் திரும்ப அடுப்பு மேட்டில் அடுக்கினாள்.

வீரபாண்டி குனிந்து தன் வீட்டுக்குள் நுழைந்தான். வேலுத்தாய் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஆட்டம் என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"எல்லாருக்கும் தலநோவு வந்துருச்சு ஆத்தா. ஒவ்வொருத்தனாப் போயி ஒக்காந்துட்டோம்."

வேலுத்தாய் புரிந்துகொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆபீசருமாருக எம்புட்டுப் பறிச்சாக?"

"ரெண்டே ரெண்டு புள்ளி. அதுவும் எதிராளி கணக்குல சேந்துருச்சு."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்பம் நம்ம நாலு கிலோவே தேவல போலருக்கே" என்று சொல்லிவிட்டு உலை வைக்க எழுந்தாள்.